பதினோரு விநாடிப் பறவைகள்

ஸ்டுடியோவில் எல்லோரும் பறவைக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு, நிஜப் பறவைகளில் காக்கையையும் புறாவையும் தவிர வேறு எதையும் பார்த்துப் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இரண்டாயிரம் பறவைகளை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வானத்தில் வளைத்துத் திருப்பச் சொன்னால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பறவையைக்கூட அவர் கையால் நகர்த்தியதில்லை. கொள்கை என்று அவர் சொல்வார், வீம்பு என்று மற்றவர்கள் சொல்வார்கள். பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகிற பக்கம் போ, கூட்டத்தை விட்டு விலகிவிடாதே. இந்த மூன்று விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மிச்சத்தைப் பறவைகளே பார்த்துக்கொள்ளும். புல்வெளியில் காற்று ஓடுவதும், ஆற்று மணலில் வரி விழுவதும், மரம் கிளை விடுவதும் அவரிடம் இப்படித்தான் நடக்கும். விதி அவருடையது, ஆட்டம் அதனுடையது.

ஆட்டம் ஒவ்வொன்றும் ஓர் எண்ணிலிருந்து தொடங்கும். முதல் நொடியில் எந்தப் பறவை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினி அந்த எண்ணை வைத்து முடிவு செய்யும். எண் மாறினால் ஆட்டமே மாறிவிடும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அச்சு அசலாக அதே ஆட்டம் வரும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் எண்ணை எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்வார்கள். இவர் மட்டும் மாட்டார். பொத்தானை அமுக்குகிற நேரத்தில் கடிகாரம் என்ன காட்டுகிறதோ, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை, அதையே எண்ணாக எடுத்துக்கொள் என்று எழுதிவிடுவார். அதைச் சேமித்து வைக்கிற வேலையும் இல்லை. வந்தது வந்தது, போனது போனதுதான்.

அடுத்த மேஜையில் புகை, தூசி, தீப்பொறி செய்கிற பெண்ணுக்கு ஸ்டுடியோ வைத்த பெயர் தூசி. அவள் வாரத்துக்கு ஒரு தரமாவது இதைக் கிளறுவாள்.

"அண்ணே, நம்பரை ஒரு மூலையில எழுதி வச்சா கை தேய்ஞ்சா போயிடும்?"

"நேத்து சாயங்காலம் வானத்துல போன கூட்டத்தை இன்னிக்குத் திருப்பிக் காட்டு, அப்புறம் எழுதி வைக்கிறேன்."

"உங்களைத் திருத்த முடியாது."

அந்த வீம்புக்கும் ஒரு நாள் நல்ல காலம் வந்தது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் நுழைவுச் சுவர் முழுக்கத் திரை வைத்து, வெள்ளை வானத்தில் கறுப்புப் பறவைகள் பறந்துகொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் வந்தது மறுநாள் வரக் கூடாது என்று கேட்டார்கள். பறவைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. செய்து கொடுத்தார். அந்தச் சுவரைப் பார்க்க அவர் மனைவி ஒரு நாள் வந்திருந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க, அடுத்தவன் பயத்துக்குத் தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க பறவைங்களுக்கு ரோட்டு விதி தெரியுது. எங்கிட்ட கத்துக்க வர்றதுங்களுக்குத் தெரியலையே."

அதற்கு அடுத்த மாதம் அவள் குளியலறையில் விழுந்தாள். இதயம் நின்று, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அதை மறுபடி ஓட வைப்பதற்குள் ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. இதயம் திரும்பி வந்தது. அவள் வந்தாளா என்பதுதான் ஐந்து மாதமாக யாருக்கும் தெரியவில்லை. கண் திறந்திருக்கும், மூச்சு ஓடும், கொட்டாவிகூட விடுவாள். கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள், அவளுடைய கார்ச் சாவியைக் காதருகே ஆட்டினார்கள், கல்யாணப் படத்தைக் காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பார்வையாளர் நேரத்தில், பறவைக்காரர் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் குறுக்கே இருந்த சாப்பாட்டுப் பலகையில் வைத்தார். அசைகிற பொருளாகக் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரிடம் அசைகிற பொருளுக்கா பஞ்சம்? பறவைகளை ஓடவிட்டார். மனைவியின் தங்கை எதிரே நின்று அக்காவின் முகத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து தினமும் எடுக்கிறாள், எதுவும் தவறிப் போய்விடக் கூடாதென்று.

அன்றைக்குக் கண் நகர்ந்தது.

எப்போதும் அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டிருக்கும் கண்தான். ஆனால் அன்றைக்கு இடது ஓரத்திலிருந்து மெதுவாக, சீராக வலது மேல் மூலைவரை போய், அங்கே கொஞ்சம் நின்று, நடுவுக்குத் திரும்பி வந்தது. பதினோரு விநாடி. நாற்பது விநாடிப் படத்தில் அந்தப் பதினோரு விநாடியை இரண்டு பேரும் முப்பது தரம் பார்த்தார்கள். தங்கைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

"மாமா, பறவையப் பாத்திருக்கா. உங்க பறவையத்தான் பாத்திருக்கா."

நரம்பு டாக்டர் அளந்து பேசுகிற பெண்மணி. போனை வாங்கி இரண்டு தரம் பார்த்தார்.

"கண்ணு நகருது, இல்லைங்கல. ஆனா இந்த மாதிரி நோயாளிக்குக் கண்ணு தானாவும் நகரும். எதையாவது தொடர்ந்து பாத்துச்சாங்கறதுதான் கேள்வி. அந்த நேரத்துல திரையில என்ன ஓடுச்சு?"

"பறவைக் கூட்டம், டாக்டர்."

"அதைக் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். கண்ணும் கூட்டமும் ஒண்ணாப் போயிருந்தா, திங்கட்கிழமை டாக்டருங்க மீட்டிங்ல நான் உங்களுக்காகப் பேசுறேன். இல்லைன்னா என்னால கட்டிலைப் பிடிச்சு வைக்க முடியாது."

திங்கட்கிழமை என்றால் என்ன என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சமாவது அறிகுறி இருப்பவர்களுக்குத்தான் அங்கே பயிற்சி, மருந்து, கட்டில் எல்லாம். மற்றவர்களை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே புரட்டிப் படுக்க வைப்பார்கள், குழாயில் ஊட்டுவார்கள், அவ்வளவுதான். அங்கே போய்த் திரும்பியவர் என்று ஒருவரையும் யாரும் சொன்னதில்லை.

"நாளைக்கே கொண்டு வர்றேன், டாக்டர்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியபோதுதான் பறவைக்காரருக்கு உறைத்தது.  எண் இல்லை. அந்த ஆட்டம் போய்விட்டது. போனதைத் திருப்ப முடியாதபடி செய்து வைத்தவர் அவரேதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் புதிதுபுதிதாக ஓடவிட்டுப் பார்த்தார். கண் சுவரைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, திரை இருக்கிற திசையையே மறந்திருந்தது. ஒவ்வொரு தரமும் அவருக்குள் ஒரே நினைப்பு வலுத்துக்கொண்டு வந்தது: அன்றைக்கு வந்த கூட்டத்தில்தான் ஏதோ இருந்திருக்கிறது. அது மட்டும் கிடைத்துவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை தூசியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சுருக்கென்றது.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"கோப்பைத் திறந்தது நாலு அஞ்சுக்குன்னு மெஷின்ல பதிவாயிருக்கு. போன் படம் ஆரம்பிக்கிறது நாலு பதினொண்ணுக்கு. நடுவுல எப்ப அமுக்கினேன்னு தெரியல."

"ஆறு நிமிஷம். மூணு லட்சத்து அறுபதாயிரம் நம்பர்." அவள் பேனாவைக் கடித்தாள். "ஓட்டிப் பாத்துடலாம், அது பிரச்சினை இல்ல. ஆனா அதுல எது அன்னிக்கு வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? படத்துல திரையே விழலையே, முகம்தானே இருக்கு?"

இரண்டு பேரும் அந்தப் படத்தையே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஆறாவது தரமோ ஏழாவது தரமோ தூசி திரையில் விரலை வைத்தாள். கண்ணில் இல்லை, கீழே.

"அண்ணே, தலகாணியப் பாருங்க."

தலையணையின் வெள்ளை உறை லேசாக மங்கிப் பிரகாசித்துக்கொண்டிருந்தது. திரையில் வெள்ளை வானம். கறுப்புக் கூட்டம் கிட்டே வந்தால் திரையின் வெளிச்சம் குறையும், விலகினால் கூடும். அந்த வெளிச்சம் அப்படியே தலையணையில் விழுந்திருக்கிறது. நாற்பது விநாடியும் கூடிக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டால், மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆட்டத்தில் எதன் வெளிச்சம் இதோடு பொருந்துகிறதோ, அதுதான் இது. பறவைக்காரர் தூசியின் கையைப் பிடித்துக்கொண்டார். 

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவின் பதினான்கு கணினிகளையும் இந்த வேலையில் இறக்கினார்கள். பறவைகளை முழுதாக வரையத் தேவையில்லை, வெளிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதும் என்பதால் வேகமாகவே ஓடியது. தூசி வீட்டில் பிள்ளைக்கு வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துவந்து இவருக்குக் கொடுத்தாள். அவர் தின்றாரா என்பது அவருக்கே தெரியாது.

ஞாயிறு பகல் பன்னிரண்டரை மணிக்கு ஓர் எண் வந்து நின்றது. அதன் வெளிச்சக் கோடும் தலையணையின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அடுத்த நிலையில் வந்த எண் அதற்குக் கிட்டத்தில்கூட இல்லை. சந்தேகத்துக்கு இடமே கிடையாது. தூசி பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போயிருந்தாள். பறவைக்காரர் தனியாக இருந்தார். ஆட்டத்தை முழுதாக வரையவிட்டு, இடப்பக்கம் பறவைகளையும் வலப்பக்கம் மனைவியின் முகத்தையும் வைத்து, ஓடவிட்டார்.

கண் இடது ஓரத்திலிருந்து கிளம்பியது. இந்தப் பக்கம் வானம் காலியாக இருந்தது.

கூட்டம் அப்போது திரையை விட்டே வெளியே போயிருந்தது. பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியும் கண் காலி வானத்தில் மெதுவாக, சீராக, எதையோ பார்ப்பதுபோல வலது மேல் மூலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கண் நடுவுக்குத் திரும்பி நின்ற பிறகுதான் கூட்டம் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே வந்தது. இரண்டாயிரம் பறவைகள் அவள் முகத்துக்கு நேரே குறுக்கே கடந்து போயின. கண் ஒரு நூல்கூட அசையவில்லை.

அவர் விடவில்லை. போன் படத்தை வலம் இடமாக மாற்றி எடுத்திருக்குமோ என்று திருப்பிப் போட்டுப் பார்த்தார். இரண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் இருக்குமோ என்று ஒரு விநாடி முன்னே தள்ளினார், மூன்று விநாடி பின்னே தள்ளினார். தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தார். எப்படிப் புரட்டினாலும் கண் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம். தேடாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார். தொலைந்தது தொலைந்ததாகவே இருந்திருந்தால், அவள் பார்த்தாள் என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருந்திருக்கலாம். இப்போது அவள் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.  அவள் இல்லை. ஐந்து மாதமாகவே அவள் இல்லை.

பிறகு நடந்ததை அவர் முடிவு செய்து செய்தார் என்று சொல்ல முடியாது. கை செய்தது. மனைவியின் கருவிழி போன பாதையைப் புள்ளிபுள்ளியாக எடுத்தார். ஒரு கோடாகச் சேர்த்தார். விதிகள் மூன்றையும் அணைத்துவிட்டு, இந்தக் கோட்டின் வழியே போ என்று பறவைகளுக்குச் சொன்னார். போயின. இருபத்திரண்டு வருஷ வீம்பு முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, அதுவும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. டாக்டர் தலையணையைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வெளிச்சத்தையும் தலையணைக்குச் சரியாகப் பொருத்தினார். தொழில் புத்தி எதற்கெல்லாமோ கூடவே வருகிறது.

தூசி வந்தாள்.

"கிடைச்சிருச்சா அண்ணே?"

"கிடைச்சிருச்சு."

பார்த்தாள். முகம் மலர்ந்தது. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"நம்பர் என்ன?"

அவர் படத்தை நிறுத்தினார்.

"கூட்டம் திரும்பறப்ப ஓரத்துல இருக்கறது முதல்ல திரும்பும், நடுவுல இருக்கறது லேட்டாத் திரும்பும். நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "இது மொத்தமும் ஒண்ணாத் திரும்புதே."

"டாக்டருக்கு அது தெரியாது."

 தூசி ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பதினான்கு கணினிகளையும் அணைத்தாள்.

"நான் பாக்கல அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் மூன்று தரம் பார்த்தார். கண்டுபிடித்துவிடுவார் என்று பறவைக்காரருக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம், எப்படியாவது கண்டுபிடித்துத் தொலையட்டுமே என்ற ஆசை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையச் சொல்றேன், நான் எதிர்பாக்கல. இவ்வளவு சுத்தமாத் தொடர்ந்திருக்காங்க. மூணு மாசம் கேட்டு வாங்கிடலாம். நீங்க இதே படத்தை தினம் போட்டுக் காட்டுங்க."

வாங்கியும் கொடுத்தார். வராந்தாவில் ஒரு மனிதர் தன் வீட்டு நோயாளிக்குக் கட்டில் கேட்டு, மடியில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவரிடம் போய், இப்போதைக்குக் கட்டில் காலி இல்லை, மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றாள். அவர் சரி என்று எழுந்து, உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். பறவைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மனைவியின் தங்கை வார்டுக்குள் வந்தபோது ஆளே மாறியிருந்தாள். தலை வாரியிருந்தாள். ஐந்து மாதமாக அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வாட்டம் போயிருந்தது. அக்காவின் காதருகே குனிந்து, "மாட்டிக்கிட்டியா? நீ பாத்துட்டுதான் இருக்கேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்றாள். அப்புறம் இவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லும்மா."

"போன வாரம் எனக்கு ஒரு வேலை வந்துச்சு. நாலு வருஷமா நான் எழுதிப் போட்டுட்டு இருந்த வேலை. ரொம்ப தூரம், போனா அங்கேயே இருக்கணும். உங்ககிட்ட சொல்லல. அக்காவுக்கு இனிமே நினைவே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டா கிளம்பிடலாம், வேற என்ன பண்றதுன்னு மனசைக் கல்லாக்கி வச்சிருந்தேன்." சிரித்தாள். "இப்பதான் கீழ போய் வரலைன்னு போன் பண்ணிட்டு வந்தேன். அக்கா முழிச்சு, எங்க என் தங்கச்சின்னு கேட்டா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க, பாவம்?"

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் திரும்பவும் கீழே இறங்கிப் போய் மறுபடி ஒரு போன் செய்தால், இன்னும் அந்த வேலை இருக்கலாம்.  அந்த வாக்கியத்தைச் சொன்னால் டாக்டருக்கும் தெரியும், கட்டில் போகும், இவள் முகம் போகும். சொல்லாவிட்டால் இவள் வாழ்க்கை போகும். இரண்டையும் அவர் தெளிவாகவே பார்த்தார். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"நல்லது பண்ணினே" என்றார்.

அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போடுங்க மாமா."

அவர் அமுக்கினார். இரண்டாயிரம் பறவைகளும் ஒன்றாகக் கிளம்பி வலது மேல் மூலைக்குப் போயின. மனைவியின் கண் கூரையில், விளக்கு இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. பிறகு அது வழுக்கி, கொஞ்சம் கீழே வந்து நின்றது.

"பாக்குறா மாமா, பாருங்க."

"ஆமா" என்றார். "பாக்குறா."

மறுபடி போடச் சொன்னாள். அவர் மறுபடி போட்டார்.